பொன்னரிவாளும் பொற்பூச்சும்

பிரெஞ்சு தேசத்தின் பூர்வகுடிகளான கெல்டியரின் துரூயிதக் குருமார், வெண்ணிற வஸ்திரம் தரித்து ஓக் மரமேறி, அதில் வளர்ந்த புல்லுருவியைப் பொன்னரிவாளால் அறுத்து, வெள்ளைக் காளைகள் இரண்டைப் பலியிட்ட வைபவத்தை, கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரிப் பண்டிதர் பிளினி எழுதிவைத்தார். அந்தச் சில வரிகளிலிருந்து முளைத்த கற்பனைகளுக்குக் கணக்கில்லை. அவற்றுள் விசேஷமானது, ஜார்ஜ் ஹென்றி, ஹார்னெல் என்னும் கிளாஸ்கோ ஓவியர் இருவர், 1890-ஆம் ஆண்டில் ஒரே சித்திரத்தில் கூடி உழைத்து, குருமார் புல்லுருவி கொண்டுவரும் ஊர்வலத்தைத் தீட்டியது.

பிளினி சொன்ன வெண்மையை அவர்கள் லட்சியம் செய்யவில்லை (செய்திருந்தால் படம் வெளிறிப்போயிருக்கும் என்பது என் அபிப்பிராயம்). ஆடைகளுக்குச் செழும் வர்ணங்களும் ஆபரணங்களுக்குப் பொற்பூச்சும் தந்து, புராதன கெல்டிக் அலங்காரக் கோலங்களையும் அவற்றோடு இழைத்தார்கள். அப்படம் இப்போது கிளாஸ்கோவின் கெல்வின்குரோவ் கலைக்கூடத்தில் இருக்கிறது.