பள்ளிக்கூடத் திருவிழாக்களும் ஊராரும்

திருமலைராயன்பட்டினம் என்றவுடன் கற்றோர் நினைவுக்கு முதற்கண் வருபவர் காளமேகப் புலவரேயாவர். 15ஆம் நூற்றாண்டில் இப்பகுதியை ஆண்ட திருமலைராயனது அவையில் அதிமதுரகவியோடு வாதிட்டு அவர் எமகண்டம் பாடினார் என்றும், உரிய மதிப்புப் பெறாமையால் மனம் புழுங்கி ஊரின்மேல் மண்மாரி பொழியப் பாடினார் என்றும் வழங்கும் கதையை நம் பிள்ளைகள் எல்லாரும் அறிவர். ஆயின் அப்புலவர்களுக்கு முதன்முதலில் விரல் பிடித்து மணலில் அகரம் எழுதுவித்த ஆசிரியர் யாவர், அவர் எவ்வாறு உண்டு உடுத்து வாழ்ந்தார் என்பதை எக்கதையும் கூறவில்லை. அவையிற் பாடியவனுக்குப் பொன்னும் பல்லக்கும் உண்டு. திண்ணையிற் கற்பித்தவனுக்கு யாது உண்டு? இவ்வினாவை முன்னிட்டே, தொடக்கப் பள்ளிகளில் நடந்துவந்த, இன்றும் நடந்துவருகின்ற விழாக்களின் வரலாற்றை ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

பழைய திண்ணைப் பள்ளிக்கெனத் தனிக்கட்டடம் இருந்ததில்லை. ஒரு வீட்டின் தெருத்திண்ணையோ, கோயில் மண்டபமோ, சத்திரமோ போதும். கதிரவன் எழுமுன் பிள்ளைகள் வந்து கூடுவர். மணலில் எழுதிப் பழகிய பின்னரே பனையோலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன் என்ற முறையில் பாடம் நடக்கும். மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையோரை மேற்பார்ப்பான். அவன் கைப்பிரம்புக்கு அஞ்சாத பிள்ளை ஊரில் இல்லை. அமாவாசை பௌர்ணமியை ஒட்டி விடப்படும் ஓய்வுக்கு வாவு என்று பெயர். உவா என்னும் பழஞ்சொல்லே அங்ஙனம் திரிந்தது. ஞாயிறுதோறும் ஓய்வு என்பது ஐரோப்பியர் ஆட்சியோடு வந்த வழக்கம். ஊரின் பஞ்சாங்கமே பள்ளியின் பஞ்சாங்கமாக இருந்தமையால், ஊருக்குத் திருவிழா என்றால் அது பள்ளிக்கும் திருவிழாவாயிற்று.

பள்ளியிற் சேர்வதே ஒரு விழா. விசயதசமி நாளிலோ வேறு நல்ல நாளிலோ ஐந்து வயதுப் பிள்ளையை நீராட்டிப் புத்தாடை உடுத்தி அழைத்து வருவர். தட்டில் நெல்லோ அரிசியோ பரப்பி அதில் விரல் பிடித்து முதல் எழுத்தை எழுதுவிப்பர். மஞ்சள் தடவிய ஓலை ஒன்று அப்பிள்ளைக்கு முதற்சுவடியாகும். ஆசிரியர்க்கு வெற்றிலை பாக்கோடு தட்சிணை. முன்னரே அங்கு அமர்ந்திருக்கும் பிள்ளைகட்குப் பொரியும் கடலையும் வெல்லமும். புதிதாக ஒருவன் வருகிறான் என்றால் இருப்பவர் வாய்க்கெல்லாம் இனிப்பு என்னும் இவ்வழக்கத்தை ஏற்படுத்தியவர் குழந்தையுள்ளம் நன்கறிந்தவராதல் வேண்டும். பொரிகடலை கொடுத்தவனோடு மறுநாளே சண்டையிடுவது பிள்ளைகட்கும் எளிதன்று.

ஆசிரியரின் வருவாயை இனி நோக்குவோம். சென்னை மாகாண ஆளுநராயிருந்த சர் தாமஸ் மன்றோ 1822இல் மாவட்டந்தோறும் பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு ஆணையிட்டார். அக்கணக்கைத் தொகுத்து 1826 மார்ச்சு 10ஆம் நாள் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் இருந்த பள்ளிகள் 12,498. மாணாக்கர் 1,88,650 பேர். பிள்ளை ஒன்றுக்கு மாதச் சம்பளம் நாலணா. சிலவிடங்களில் ஆறணா, எட்டணா. அதற்கு மிகுவது அரிது. ஆசிரியர் பொதுவாக மாதம் ஆறு ஏழு ரூபாய்க்கு மேல் ஈட்டுவதில்லை என்றும், தகுதியுடையோர் இத்தொழிலை நாட இத்தொகை போதாது என்றும் மன்றோ எழுதினார். நம் பட்டினம் அக்கணக்கில் இல்லை. காரைக்காற் பகுதி 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசமாகி, இடையிடையே ஆங்கிலேயர் கைப்பட்டு, 1817இல் மீண்டும் பிரெஞ்சுக்காரரிடம் சேர்ந்திருந்தது. ஆயினும் எல்லைக்கோடு சுங்கத்திற்கு உண்டேயன்றித் திண்ணைக்கு இல்லையாதலின், நாகப்பட்டினத்து ஆசிரியர் நிலை எதுவோ அதுவே இவ்வூர் ஆசிரியர் நிலையுமாம் எனக் கொள்ளுதல் தகும்.

ஆறு ரூபாயில் ஒரு குடும்பம் எவ்வாறு ஆண்டைக் கடந்தது? இங்கேதான் நவராத்திரி வருகிறது. அவ்விழா நாட்களில் ஆசிரியர் தம் பிள்ளைகளை அலங்கரித்துக் கையில் கோலாட்டக் கோல் கொடுத்து வீடு வீடாக அழைத்துச் செல்வார். பிள்ளைகள் வாசலில் நின்று பாடிக் கோலடிப்பர். வீட்டுக்காரர் தம் தகுதிக்கேற்பப் பணமும் நெல்லும் துணியும் ஆசிரியர்க்கு வழங்குவர். தெலுங்கு நாட்டிலும் தசராவில் இதே வழக்கம் இருந்தது. அங்கே பிள்ளைகள் அணிசெய்த வில்லும் அம்பும் ஏந்திச் சென்று, ஐயாவுக்குப் பணமும் தமக்குப் பருப்பும் வெல்லமும் வேண்டிப் பாடுவர். எது யாருக்கு என்பதில் ஐயத்துக்கே இடமில்லாத பாட்டு அது!

இவ்வழக்கத்தைப் பிச்சை என்று இகழ்ந்தோரும் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. பரீட்சை, மேற்பார்வையாளர், மதிப்பெண் எதுவுமில்லாத காலத்தில், தன் மகன் ஓராண்டில் என்ன கற்றான் என்பதைத் தந்தை தன் வாசலிலேயே நின்று கேட்டறிந்த நாள் அது. எழுத்தறியாத வீட்டுக்காரனும் ஆத்திசூடியைத் தடங்கலின்றிச் சொல்லும் பிள்ளையையும் தடுமாறும் பிள்ளையையும் வேறுபிரித்து அறிவான். கொடுத்த நெல்லுக்குக் கணக்கும் அங்கேயே முடிந்தது. பள்ளி ஊராருடையது, ஆசிரியர் ஊராரின் ஆள் என்னும் எண்ணம் இவ்விழாவால் நிலைத்தது. திண்ணைப் பள்ளியின் நடைமுறைகளை மேலும் அறிய விழைவோர், 1855இல் சூரியமூலையில் பிறந்த மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் 1940 முதல் ஆனந்த விகடனில் எழுதிவந்த ‘என் சரித்திரம்’ நூலின் முற்பகுதியைக் காண்க.

ஆயினும் அத்திண்ணையில் யார் யார் அமர்ந்தனர் என்று கேட்டால் நம் மகிழ்ச்சி குறைகின்றது. மன்றோ கணக்கில் கண்ட மாணாக்கருள் பெண்கள் 4,540 பேரே. நூற்றுக்கு மூவர்கூட இல்லை. தமிழ் மாவட்டங்களில் பிராமணரல்லாத பல சாதிப் பிள்ளைகளே பெரும்பான்மையினராய்ப் பயின்றனர் என்பது உண்மை. அதனை நம்மனோர் பெருமையோடு எடுத்துச் சொல்லுதலும் வழக்கம். ஆனால் சேரிப் பிள்ளைகட்குத் திண்ணை பெரும்பாலும் திறக்கவில்லை. கோலாட்டம் சென்ற தெருக்களும் எல்லாத் தெருக்களும் அல்ல. பொரிகடலை எல்லார் வாய்க்கும் என்று மேலே எழுதினோம். அந்த ‘எல்லார்’ யார் என்பதையும் சேர்த்தெழுதாவிடின் இவ்வரலாறு பாதியாகும்.

பிரெஞ்சு ஆட்சியில் நம் ஊரின் நிலை சிறிது வேறுபட்டது. 1880 மார்ச்சு 12ஆம் நாள் ஆணையால் பிரெஞ்சிந்தியாவில் கொம்யூன்கள் அமைந்தன. நம் ஊரைப் பிரெஞ்சுக்காரர் தம் ஏடுகளில் ‘கிராந்த் ஆல்தே’ என்று வழங்கினர். பெரிய கிராமம் என்பது அதன் பொருள். புலவர் போற்றிய பட்டினம் ஏட்டளவில் கிராமமாயிற்று. காளமேகம் இருந்திருப்பின் இதற்கும் ஒரு வெண்பா கிடைத்திருக்கும். அதே 1880இல் பிரான்சு நாடு சூலை 14ஆம் நாளைத் தேசியத் திருநாளாக வகுத்தது. பிரெஞ்சிந்திய ஊர்களிலும் அந்நாள் கொண்டாடப்பட்டது. ஊர்ப் பஞ்சாங்கத்தில் இல்லாத நாளொன்று பள்ளிப் பஞ்சாங்கத்தில் புகுந்தது இவ்வாறே. அரசு ஆசிரியர்க்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியதும், நவராத்திரித் தட்சிணையால் அவர் உயிர்வாழ வேண்டிய நிலை நீங்கியது. அது நன்மையே. ஆனால் வீட்டு வாசலுக்குப் பள்ளி வந்த வழக்கமும் அத்துடன் மெல்ல மறைந்தது.

1947 ஆகஸ்டு 15இல் அருகிலுள்ள நாகப்பட்டினத்தில் அசோகச் சக்கரக் கொடி ஏறியபோது நம் பட்டினத்தில் பறந்தது பிரெஞ்சுக் கொடியே. 1954 அக்டோபர் 18இல் கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளுள் 170 பேர் இந்தியாவுடன் இணைவதற்கு வாக்களிக்க, நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி கைமாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்டு 16இல் நிறைவேறியது. ஆகவே புதுச்சேரி, காரைக்காற் பிள்ளைகட்கு ஆகஸ்டில் அடுத்தடுத்த இரு நாட்களும், நவம்பரில் ஒரு நாளும் நினைவு நாட்களாயின. வேறெந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் இத்தனை கொடிநாட்கள் இல்லை.

நிற்க. சாதிச் சங்கங்கள் பள்ளியை எவ்வாறு தாங்கின என்பதற்குச் சிறந்த சான்று விருதுநகர். அங்கே நாடார் பெருமக்கள் 1885இல் சத்திரிய வித்தியாசாலையை நிறுவினர். வணிகரின் மகமைப் பணமும், வீடுதோறும் நாள்தோறும் கலயத்தில் எடுத்து வைத்த பிடி அரிசியும் அதனைத் தாங்கின. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசி பள்ளிக்கு! நவராத்திரியில் ஆண்டுக்கு ஒருமுறை திறந்த கை அங்கே ஆண்டு முழுதும் திறந்தது. கமுதிக் கோயிலில் நுழைந்தமை பற்றி அக்குலத்தார்மீது 1897இல் எழுந்த வழக்கு 1908இல் பிரிவி கவுன்சில் வரை சென்று அவர்க்கு எதிராகவே முடிந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், தம் பிள்ளைகள் தடையின்றிக் கூடிப் பூசையும் விழாவும் நடத்தத்தக்க ஓர் இடம் அம்மக்கட்கு எத்துணை அருமையாயிருந்திருக்கும் என்பது புலனாகும்.

1903இல் பிறந்த காமராசர் பயின்றது அப்பள்ளியிலேதான். அங்கு நடந்த விநாயக சதுர்த்தி விழா பற்றி அவர் வரலாற்றை எழுதியோர் ஒரு செய்தி கூறுவர். விழா முடிவில் பிரசாதம் வழங்கியபோது பிள்ளைகள் முண்டியடித்துக் கை நீட்டினர். காமராசர் ஒதுங்கி நின்று கடைசியில் வாங்கியமையால் சிறிதளவே கிடைத்தது. வீட்டில் ஏன் இவ்வளவு கொஞ்சம் என்று கேட்டபோது, பணம் எல்லாரிடமும் ஒன்றுபோல் வாங்கியவர்கள் பிரசாதத்தையும் ஒன்றுபோல் கொடுப்பதன்றோ முறை, நான் ஏன் முண்டியடிக்க வேண்டும் என்ற கருத்தில் விடை சொன்னாராம். கதை எவ்வளவு மெருகேறியதோ அறியோம். ஆயின் பள்ளி விழா ஒன்றில் பிள்ளையின் கண் எதனைப் பார்க்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. பாட்டையும் தோரணத்தையும் பெரியோர் பார்ப்பர். தன் பங்கு எவ்வளவு, பக்கத்தில் இருப்பவன் பங்கு எவ்வளவு என்பதையே பிள்ளை பார்க்கும்.

அவர் சென்னை மாநில முதலமைச்சரான பின் 1956இல் தொடக்கப் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. ஊரார் அளித்த பொருளும் அரசின் உதவியும் சேர்ந்தே முதலில் அது நடந்தது. நீதிக்கட்சியார் காலத்தில், 1920இல், சென்னை மாநகராட்சிப் பள்ளியொன்றில் பிள்ளைக்கு ஓரணா மிகாத செலவில் உணவளித்தது இதற்கு முன்னோடி. 1958இல் கல்வித்துறைத் தலைவர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் கடம்பத்தூரில் தொடங்கிப் பல ஊர்களிலும் நடந்தன. நாற்காலி, மணி, கரும்பலகை, கடிகாரம், பிள்ளைகட்குச் சீருடை என்று ஊரார் கொண்டுவந்து குவித்தனர். மணவீட்டுக்குச் சீர் கொண்டு செல்வதுபோல் பள்ளிக்குச் சீர் கொண்டு செல்லும் இம்முறை இன்றும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ‘கல்விச் சீர்’ என்னும் பெயரோடு மேளதாளத்துடன் நடைபெறுகின்றது. திண்ணைப் பள்ளி வாசல் வாசலாகச் சென்று வாங்கியதை, இப்போது வாசல்கள் பள்ளிக்கு எடுத்துச் செல்கின்றன என்க.

மாசிமகத்தன்று திருக்கண்ணபுரத்துச் சௌரிராசப் பெருமாள் நம் பட்டினக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வதும், பட்டினவர் குலத்தார் அவரை மாப்பிள்ளை என்று உரிமையோடு வரவேற்பதும் யாவரும் அறிந்ததே. உறவு கொண்டாடுதல் இவ்வூரார்க்குக் கைவந்த கலை. அவ்வுறவைப் பள்ளிவரை நீட்டுதல் அரிய செயலன்று.

ஆனால் அண்மைக் காலத்தில் பல ஊர்களிலும் பள்ளி ஆண்டு விழாக்கள் நடக்கும் விதம் நமக்குக் கவலை தருகின்றது. நடனத்துக்கு ஒரு நாள் உடை வாடகைக்கு எடுக்கின்றனர். வாடகையைப் பெற்றோர் தர வேண்டும். தர இயலாத வீட்டுப் பெண் விழாவன்று வயிற்றுவலி என்று படுத்துக்கொள்கிறாள். முன்னாளில் விழா வந்தால் வீட்டிலிருந்து ஆசிரியர்க்குச் சென்றது நெல். இன்று வீட்டிலிருந்து வாடகைக் கடைக்குச் செல்வது ரூபாய். பள்ளிக்கு அதில் ஒரு சுண்ணாம்புக்கட்டி அளவும் சேர்வதில்லை. தறியும் வலையும் ஏரும் பிடிக்கும் வீடுகளுக்கு இது சிறுசெலவன்று. பொங்கலன்று பள்ளி முற்றத்தில் ஒரு பானை வைத்து, ஆளுக்கொரு பிடி அரிசி இட்டுப் பொங்கி, எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வரிசையில் இருத்தி இலை போடுவதற்கு இதில் பத்தில் ஒரு பங்கு போதும்.

வரும் விசயதசமியில் நம் சங்கக் குடும்பத்தார் தத்தம் ஊர்த் தொடக்கப் பள்ளிக்குப் பொரியும் கடலையும் சிலேட்டும் எடுத்துச் செல்வதாயின், நம்மவர் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலைக் கையில் கொண்டு செல்ல வேண்டா. பள்ளியில் பயிலும் பிள்ளைகள் மொத்தம் எத்தனை பேர் என்பதைத் தலைமையாசிரியரிடம் முன்னதாகவே கேட்டறிந்து, அன்று புதிதாகச் சேர வருவோர்க்கும் சேர்த்துப் பத்துப் பொட்டலம் மிகுதியாகவே கட்டிக்கொண்டு செல்லுமாறு வேண்டிக்கொள்கிறோம்.