பிரித்த வீட்டு மரம்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பித்தளை விளக்கையும் பழைய கண்ணாடியையும் விலை கேட்பார்கள். நான் தச்சன். என் கண் போவது செதுக்கல் ஏதும் இல்லாத கைமரங்களிலும் உத்திரங்களிலும்தான். கையில் இருக்கிற காசுக்குள் வீட்டைப் புதுப்பிக்க வேண்டும் என்று யார் வந்தாலும் பிரித்த வீட்டு மரம் எங்கே அடுக்கியிருக்கிறது என்று முதலில் விசாரிப்பேன். இந்த ஊரில் அந்த மரம் வாங்கக் கிடைப்பதற்குப் பின்னால் பெரிய ஏற்றமும் பெரிய இறக்கமும் இருக்கின்றன.

1852-இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஐராவதி ஆற்றின் கழிமுகக் காடுகள் நெல்வயல்களாயின. வயல் திருத்தியவர்களுக்குக் கடன் கொடுத்தவர்களில் முன்னால் நின்றவர்கள் நகரத்தார் எனப்படும் செட்டியார்கள். அங்கே ஈட்டிய பணம் செட்டிநாட்டு ஊர்களில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிகிற வீடுகளானது. பணம் வந்த வழியிலேயே மரமும் வந்தது.

பர்மாத் தேக்கை வெட்டிய முறையைச் சொல்லாமல் அதன் அருமை விளங்காது. பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதனால் நிற்கிற மரத்தின் அடியைச் சுற்றி, பட்டையும் வெள்ளை மரமும் அறும்படி வெட்டிவிட்டு, இரண்டு மூன்று வருஷம் அப்படியே காயவிடுவார்கள். பிறகுதான் கோடாலி. யானைகள் அதை ஓடைக்கு இழுத்துப்போகும். மழை வெள்ளம் ஆற்றில் சேர்க்கும். தெப்பமாகக் கட்டி இரங்கூனுக்கும் மௌல்மேனுக்கும் ஓட்டிவந்து கப்பலேற்றுவார்கள். சாய்வதற்கு முன்பே காய்ந்த மரம் அது. அதற்கு மேல் செட்டிநாட்டுக் கூரைக்கடியில் நூறு வருஷம் காய்ந்திருக்கிறது. அது இனி முறுக்காது, சுருங்காது. இன்றைக்கும் இழைப்புளி ஓட்டினால் மேல் கறுப்பு போய்த் தேன் நிறமும் எண்ணெய் வாசனையும் வரும். இதே காசுக்கு மரவாடியில் கிடைக்கிற இளந்தேக்கில் பாதி வெள்ளை மரம். கரையானுக்குத்தான் அது தீனி.

1930-ஐ ஒட்டி உலகமெங்கும் விலை விழுந்தபோது நெல்லும் விழுந்தது. கடன் வாங்கியவர்களால் திருப்ப முடியவில்லை. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார் வசமிருந்த நிலம் 1930-இல் சுமார் 6 சதவீதம். 1938-க்குள் 25 சதவீதம். கேட்க லாபம்போல இருக்கும். உண்மையில், திரும்பி வர வேண்டிய ரொக்கம் சேற்று வயலாகி அக்கரையிலேயே சிக்கிக்கொண்டது. 1942-இல் ஜப்பான் படை இரங்கூனைப் பிடித்தது. 1948-இல் பர்மா விடுதலை பெற்றது. அதே ஆண்டு நிலங்களை அரசுடைமையாக்கும் சட்டமும் வந்தது. வரவு நின்றது, வீடு மட்டும் நின்றுகொண்டிருந்தது.

அத்தனை பெரிய கூரையை வருஷா வருஷம் ஓடு மாற்றிக் காப்பது லேசான செலவில்லை. ஒரு ஓடு நழுவினால் போதும், அந்த வழியாக இறங்குகிற தண்ணீர் கைமரத்தின் நுனியைத் தின்னும். பிறகு சுவரில் இறங்கும். தலைமுறை தாண்டத் தாண்டப் பங்காளிகள் பெருகினார்கள். ஆளுக்கொரு ஊரில் இருப்பவர்கள் சேர்ந்து மராமத்துச் செலவு போடுவதைவிட, சேர்ந்து விற்பது எளிதாக இருந்தது. விற்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பூட்டைத் திறந்து கடைசியாக ஒருமுறை வளவைச் சுற்றிவந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

செதுக்கிய தூண், நிலை, போதிகையெல்லாம் விடுதிகளுக்கும் பெருநகரத்து வீடுகளுக்கும் போயின. முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீட்டை மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். அப்படிப் போனதில் எனக்குச் சந்தோஷமே. செதுக்கல் உள்ளதை இப்போது நம்மைப் போன்றவர்கள் நெருங்க முடியாது. வெறும் கைமரமும் சன்னலும் இன்னும் கைக்கு எட்டும்.

வாங்கும்போது சுத்தியல் கொண்டுபோங்கள். தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டால் உள்ளே கரையான் ஓடியிருக்கிறது. சுவருக்குள் புதைந்திருந்த முனையை உளியால் கீறிப் பாருங்கள், மக்கல் அங்கேதான் தொடங்கும். துளை விழுந்த இடங்களைக் கழித்துக் கன அடி போடச் சொல்லுங்கள். அறுக்கக் கொடுக்குமுன் ஒவ்வோர் ஆணியையும் பிடுங்குங்கள், ஒன்று நின்றாலும் ரம்பப் பல் போய்விடும். சுவர் எழுப்பிவிட்டு நிலை தேடாதீர்கள். நிலையை வாங்கி நிறுத்தி, அதன் அளவுக்குச் சுவர் எழுப்புங்கள். எங்கள் பக்கத்தில் பலர் தலைவாசலுக்குப் பழைய நிலை வைக்கத் தயங்குவார்கள். அவர்கள் மனசுக்கு அதை மட்டும் புதிதாகச் செய்துகொடுத்து, உள்கதவுகளைப் பழையதில் முடித்துவிடுவேன்.

பழைய வீட்டின் தரைக்கல்லைப் பெயர்த்தால் பெரும்பாலும் உடையும், அதற்கு ஆசைப்பட வேண்டாம். ஆத்தங்குடியில் இன்றும் தரைக்கல்லைப் புதிதாகச் செய்கிறார்கள்: கண்ணாடித் தகட்டின் மேல் சாயத்தை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். சூளை கிடையாது. பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது.

என் மனசு பதறுவது ஜேசிபியைப் பார்க்கும்போதுதான். முன்பு கட்டியதற்குத் தலைகீழாகப் பிரிப்போம்: ஓடு, ரீப்பர், கைமரம், உத்திரம், தூண் என்று ஒவ்வொன்றாகக் கயிறு கட்டி இறக்குவோம். நாள் பிடிக்கும், ஆனால் மரம் முழுசாகக் கீழே வரும். இப்போது ஒரே பகலில் எல்லாம் தரைமட்டமாகிறது, கைமரம் இரண்டாக முறிந்து விறகுக்குப் போகிறது. எந்த ஊரானாலும் பழைய வீட்டை விற்கப்போகிறவர்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: கூரையை ஆள் வைத்துத்தான் இறக்க வேண்டும், அதற்குப் பிறகே இயந்திரம் வாசலுக்கு வரலாம்.