ஒரே டிரம்மில் இரண்டு வேலை

1937-இல் அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் காட்டிய தானியங்கி வாஷிங் மெஷினைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டியிருந்தது. இல்லையென்றால் பிழியும் வேகத்தில் ஆட்டம் கண்டுவிடும். 1953-இல் பெண்டிக்ஸ் பெயரிலேயே, துவைத்து உலர்த்தும் 'டூயோமேட்டிக்' வந்தது. அழுக்குத் துணியைப் போட்டு, இடையில் கை வைக்காமலே உலர்ந்த துணியாக எடுக்கலாம்.

அன்றைய அமெரிக்கருக்கு இது அதிசயமாக இருந்தாலும் அவசியமாக இருக்கவில்லை. புறநகர் வீடுகளில் இடம் தாராளம். துவைக்க ஒன்று, உலர்த்த ஒன்று என இரண்டு மெஷின்களைப் அருகருகே வைத்தார்கள். ஒன்று உலர்த்தும்போதே மற்றொன்று அடுத்த சுமையைத் துவைத்தது. சமையல் மேடைக்கு அடியிலேயே மெஷினைச் செருகும் பிரிட்டனில் இரண்டும் சேர்ந்த மெஷின் வேரூன்றியது.

சிக்கல் டிரம்மிலேயே இருக்கிறது. நனைந்த துணி நெருக்கமாகக் கிடந்தாலும் அழுக்குப் போகும். உலர வேண்டுமானால் காற்று புக இடம் வேண்டும். அதனால் 8 கிலோ துவைக்கும் மெஷின் சுமார் 5 கிலோவைத்தான் உலர்த்தும். மிச்சத்தைக் கொடியில்தான் போட வேண்டும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை!

இன்னொரு வேடிக்கை: பழைய வகை மெஷின்கள் பல, ஆவியைக் குளிரவைக்கக் குழாய்த் தண்ணீரையே செலவழித்தன. உலர்த்துவதற்கும் தண்ணீர்!

வெளியே விடும் வெப்பத்தையே மீட்டுப் பயன்படுத்தும் ஹீட் பம்ப் வந்தபின் மின்செலவு குறைந்தது. 2023-இல் ஜிஇ அப்ளையன்சஸ் நிறுவனம் அந்த நுட்பத்தோடு பெரிய கூட்டு மெஷினை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது. விலைதான் எட்டவில்லை.