பள்ளிக்கூடம் எந்தத் தெருவில்?

1919 மார்ச் மாதம் சென்னை மாகாண அரசு வெளியிட்ட ஓர் ஆணையில் இரண்டு எண்கள் வருகின்றன. மாகாணத்தில் பொது நிர்வாகத்தின் கீழ் இருந்த பள்ளிகள் 8,157. அவற்றில் ‘பஞ்சமர்’ என்று அன்றைய அரசு எழுதிய நம் பிள்ளைகள் போய் உட்கார முடிந்தவை 609. நூற்றுக்கு ஏழரைப் பள்ளி.

மீதி 7,548 பள்ளிகளில் நம் பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. விதிப்படி அவை எல்லோருக்கும் பொதுவானவை. பொது வரியில் நடந்தவை. அந்த வரியில் நம் பாட்டன் பூட்டன் கொடுத்த காசும் உண்டு. பிறகு எப்படி அவை நமக்கு மூடியிருந்தன? பதிலை அந்த ஆணையே சொல்கிறது. பள்ளிகள் அக்ரஹாரத்தில் இருந்தன, ஊர்ச் சாவடியில் இருந்தன, கோயில் வளாகத்தில் இருந்தன. அந்த இடங்களுக்குள் நாம் கால் வைக்க முடியாது. ஆகவே பள்ளிக்குள்ளும் வைக்க முடியாது. யாரும் யாரையும் விரட்ட வேண்டியதில்லை. தலைமை ஆசிரியர் ‘இடமில்லை’ என்று எழுத வேண்டியதில்லை. மறுத்ததற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட மிஞ்சாது. வருகைப் பதிவேட்டில் நம் பெயர் இல்லாததற்கு, நமக்குப் படிப்பில் ஆர்வமில்லை என்று அதிகாரி காரணம் எழுதிக்கொள்ளலாம். எழுதியும் இருக்கிறார்கள்.

பள்ளியைப் பற்றிப் பேசும்போது ‘சேர்க்கை’யைப் பற்றியே பேசப் பழகியிருக்கிறோம். இட ஒதுக்கீடு, உதவித்தொகை, விடுதி, இடைநிற்றல் என்று நம் கோரிக்கைப் பட்டியல் நீள்கிறது. பள்ளிக்கூடம் எந்த மண்ணில் நிற்கிறது, அதன் வாசல் எந்தத் தெருவைப் பார்க்கிறது என்ற கேள்வி அந்தப் பட்டியலில் அரிதாகவே வருகிறது. வரலாற்றில் அதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்கிறது.

கொஞ்சம் பின்னால் போவோம். 1856இல் பம்பாய் மாகாணத்தின் தார்வாடில் மகர் சிறுவன் ஒருவன் அரசுப் பள்ளியில் தன்னைச் சேர்க்கவில்லை என்று மனு கொடுத்தான். அவன் பக்கம் நியாயம் இருப்பதைப் பம்பாய் அரசு மறுக்கவில்லை. ஆனால் ஒருவனுக்காக மற்ற மாணவர்கள் எல்லோரும் விலகிப்போனால் பள்ளியே பயனற்றதாகிவிடும் என்று சொல்லிக் கைகழுவியது. 1858இல் லண்டனிலிருந்த கம்பெனி இயக்குநர் அவை, அரசுச் செலவில் நடக்கும் பள்ளிகள் எல்லா வகுப்பாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று முடிவு சொன்னது. அம்பேத்கர் 1928இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபாவின் சார்பில் சைமன் குழுவுக்குக் கொடுத்த அறிக்கையில் இந்தக் கதையை விரிவாக எடுத்துவைக்கிறார். 1882இல் அமைந்த ஹண்டர் கல்விக் குழுவும் அதே கொள்கையை மறுபடி உறுதி செய்தது. செய்துவிட்டு, எதிர்ப்பு இருக்கும் இடங்களில் பார்த்து நடந்துகொள்ளுங்கள், தேவையானால் தனிப்பள்ளி வையுங்கள் என்று பின்வாசலையும் திறந்துவைத்தது. அதாவது 1858 முதல் 1919 வரை அறுபது ஆண்டுகள் நமக்கு உரிமை இருந்தது. பள்ளி இருந்த தெரு மட்டும்தான் இல்லை.

ஊர் இதை எப்படி நடத்தியது என்பதை நாம் நுணுக்கமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் இன்றைக்கும் முறை அதுவே. அந்நாளில் பெரும்பாலான தொடக்கப் பள்ளிகளுக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. திண்ணை, சாவடி, கோயில் மண்டபம், பெரிய வீட்டுக்காரர் ஒதுக்கிக் கொடுத்த கொட்டகை, வாடகை வீடு. இடம் கொடுத்தவர் நிபந்தனையும் சேர்த்தே கொடுத்தார். தாலுகா வாரியமோ ஜில்லா வாரியமோ பள்ளிக்கு இடம் தேடினால், இடம் வைத்திருந்தவர் யார்? நிலம் வைத்திருந்தவர். வாரியத்தில் உட்கார்ந்திருந்தவர் யார்? அவரே, இல்லாவிட்டால் அவருடைய சம்பந்தி. ‘ஊர்ப் பொது இடம்’ என்று குறிப்பேட்டில் எழுதினார்கள். அந்த ஊரில் சேரி அடங்காது என்பது எழுதுபவருக்கும் தெரியும், கையெழுத்துப் போடுபவருக்கும் தெரியும்.

அப்படிப்பட்ட பள்ளிக்குள் தப்பித் தவறிப் போனவர் என்ன ஆனார் என்று இரட்டைமலை சீனிவாசன் தன் ‘ஜீவிய சரித்திரச் சுருக்க’த்தில் சொல்கிறார். கோயம்புத்தூரில் அவர் படித்த கலாசாலையில் சுமார் 400 பேர். பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர். பழகினால் சாதியும் குடியிருப்பும் வெளிப்பட்டுவிடும் என்று பயந்து, பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகே உள்ளே போவார். விட்டதும் வேகமாக வீடு திரும்பிவிடுவார். பின்னாளில் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரின் பக்கத்தில் அமர்ந்தவர் அவர். நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்ற பதைப்போடு ஒரு பையன் இலக்கணம் படித்திருக்கிறான். வீடு இருக்கும் திசையை மறைத்துக்கொண்டு படிப்பது எப்படிப்பட்டது என்பது நம்மில் பலருக்குப் புதிதல்ல. கல்லூரி விடுதியில் ‘உன் ஊரில் எந்தப் பக்கம்?’ என்ற கேள்வியைச் சந்தித்தவர்களுக்குத் தெரியும்.

நம் முன்னோடிகள் இதற்குக் கண்ட வழி என்ன? ஊர்ப் பள்ளி திறக்கும்வரை காத்திருக்கவில்லை. 1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் அயோத்திதாசர் எழுந்து கோயில் நுழைவைப் பற்றிக் கேட்டார். கூச்சல்தான் பதிலாகக் கிடைத்தது. உடனே அவர் பள்ளியும் நிலமும் கேட்டார்: நம் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வி, நம் மக்களுக்குத் தரிசு நிலம். அந்த ஆண்டு செப்டம்பரில் பஞ்சமி நிலத்துக்கான அரசாணை வந்தது. 1893இல் பெரிய சேரிகளில் தனிப்பள்ளி தொடங்கவும், நம் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துவோருக்குக் கூடுதல் மானியம் தரவும் கல்வி ஆணை வந்தது. நிலமும் பள்ளியும் அடுத்தடுத்து வந்தது தற்செயல் என்று நாம் நினைக்கவில்லை. சொந்த மண் இல்லாதவனுக்குப் பள்ளி வைக்கவும் இடம் கிடையாது.

1894இல் கர்னல் ஆல்காட் அடையாறில் முதல் இலவசப் பஞ்சமப் பள்ளியைத் தொடங்கினார். கோடம்பாக்கம், மயிலாப்பூர் என்று மேலும் சில பள்ளிகள் தொடர்ந்தன. அதற்கு முன்பிருந்தே மிஷனரிகள் சேரிகளில் பள்ளி நடத்திவந்தார்கள். 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். நந்தன் உள்ளே போக முடியாமல் நின்ற ஊரிலேயே, ஓமக்குளத்தில். இடத்தைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு வாதம் என்பது சகஜானந்தருக்குத் தெரிந்திருந்தது.

‘சேரிக்குள்ளேயே பள்ளி வைத்தது சாதியை நிலைப்படுத்தியதுதானே?’ என்று சில நண்பர்கள் இன்று சுலபமாகக் கேட்டுவிடுகிறார்கள். கேள்வி வெளியிலிருந்து வரும்போது நமக்கு எரிச்சல் வருவது நியாயமே. அந்தப் பள்ளிகள் இல்லையென்றால் நம் தாத்தா தலைமுறையில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணியிருப்போம். அயோத்திதாசர் ‘பஞ்சமர்’ என்ற பெயரை ஒருநாளும் ஏற்கவில்லை. ஆனாலும் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதில் அவருக்குத் தயக்கம் இருந்ததில்லை. பெயரோடு சண்டை போட்டுக்கொண்டே பள்ளியைப் பயன்படுத்திக்கொள்ளத் தெரிந்த தலைமுறை அது. 1922இல் எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் முயன்று அரசுப் பதிவேடுகளில் ‘ஆதி திராவிடர்’ என்ற பெயரைக் கொண்டுவந்ததும் அந்தச் சண்டையின் தொடர்ச்சியே.

நம் குற்றச்சாட்டு சேரிப் பள்ளியின் மீதல்ல, அதை வைத்து அரசு செய்துகொண்ட ஏற்பாட்டின் மீது. 1919 ஆணை சரியான இடத்தில் விரல் வைத்தது. நோய் பள்ளியின் இருப்பிடத்தில் இருக்கிறது, இனி பள்ளிகளை எல்லோரும் வரக்கூடிய இடத்தில் வையுங்கள் என்றது. அதை நிறைவேற்ற வேண்டிய உள்ளாட்சி வாரியங்கள் அசையவில்லை. 1920இல் தொடக்கக் கல்விச் சட்டம் வந்து ஜில்லா கல்வி மன்றங்கள் அமைந்தன. அவற்றிலும் அதே முகங்கள். அக்ரஹாரத்திலிருந்து பள்ளியை நகர்த்தினால் ஊர்ப் பெரியவர்களோடு மோத வேண்டும். சேரியில் புதிதாக ஒரு கூரை போட்டால் மோத வேண்டியதில்லை. 1920 முதல் தொழிலாளர் நலத்துறை இந்த இரண்டாவது வேலையை எடுத்துக்கொண்டது. அந்தப் பள்ளிகளை நம் பெரியவர்கள் ‘லேபர் ஸ்கூல்’ என்று இன்றும் சொல்வார்கள். பள்ளி கிடைத்தது. கூடவே, 7,548 பள்ளிகளுக்கு அவை நின்ற இடத்திலேயே நிற்க அனுமதியும் கிடைத்தது. உனக்குத்தான் தனியாக வைத்துக் கொடுத்தாயிற்றே, இங்கே ஏன் வருகிறாய் என்று ஊர் கேட்க ஒரு நியாயம் கிடைத்தது.

வரிசையையும் கவனியுங்கள். பள்ளிகளை எட்டும் இடத்தில் வைக்கச் சொன்ன ஆணை 1919. பொதுத் தெருவில் யாரும் நடக்கலாம் என்று இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, அது அரசாணையாக வந்தது 1924. தெரு திறப்பதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே பள்ளி திறந்துவிட்டதாம்! சீனிவாசன் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசாமல் தெருவைப் பற்றிப் பேசினார் என்று நினைப்பவர்கள், கோயம்புத்தூரில் மணி அடிக்கும்வரை வெளியே உட்கார்ந்திருந்த பையனை மறந்துவிடுகிறார்கள்.

விடுதலைக்குப் பிறகு கணக்கு மாறியது. காமராசர் ஆட்சியில் ஒரு மைலுக்குள் ஒரு தொடக்கப் பள்ளி என்பது இலக்காயிற்று. அந்தப் பரவலின் பயனை நம் பெற்றோர் அனுபவித்தார்கள், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். இன்று கட்டாயக் கல்விச் சட்டத்தின் தமிழ்நாட்டு விதிகள் தொடக்கப் பள்ளிக்கு 1 கிலோமீட்டர், நடுநிலைக்கு 3 கிலோமீட்டர் என்கின்றன. ஆனால் மைலுக்கும் கிலோமீட்டருக்கும் சாதி தெரியாது. காலனியிலிருந்து ஊர்ப் பள்ளி 400 மீட்டர் என்று வரைபடம் சொல்லும். அந்த 400 மீட்டரில் எந்த வீதியைக் கடக்க வேண்டும், எந்தக் கோயில் முன்னால் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்வார்கள், எந்தத் திருப்பத்தில் பையன்கள் நின்று பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பதை வரைபடம் சொல்லாது.

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு? தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் இருக்கின்றன. அன்றைய லேபர் ஸ்கூல்களின் வாரிசுகள். 2023 மார்ச்சில் நிதிநிலை அறிக்கை, பல துறைகள் நடத்தும் பள்ளிகளையெல்லாம் பள்ளிக் கல்வித்துறையின் கீழ் கொண்டுவரப்போவதாக அறிவித்தது. நாங்குநேரி வன்முறைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளத்தை நீக்கவும் பள்ளிகளை ஒரே துறையின் கீழ் கொண்டுவரவும் பரிந்துரைத்தது. நம் தோழர்களிடையே இதில் இரு கருத்து உண்டு. இணைத்தால்தான் ஆசிரியரும் கட்டடமும் கண்காணிப்பும் கிடைக்கும், சாதிப் பெயர்ப்பலகையும் ஒழியும் என்பது ஒன்று. இணைத்தால் நம் பள்ளிகள் ஓசையில்லாமல் மூடப்படும், அந்த நிலம் கைமாறும், நமக்கென்று ஒதுக்கிய நிதி பொதுவில் கரையும் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது.

ஆனால் இரு தரப்பும் பேசுவது துறையைப் பற்றி. நாம் கேட்பது இடத்தைப் பற்றி. ஓர் ஊரில் இரண்டு பள்ளிகள். ஊருக்குள் ஒன்றிய தொடக்கப் பள்ளி, காலனியில் நலப் பள்ளி. இரண்டிலும் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். நாளை ஒரே துறை ஆகி, இரண்டையும் சேர்க்க வேண்டும் என்று முடிவானால் எந்தக் கட்டடம் நிற்கும், எது பூட்டப்படும்? காலனிப் பிள்ளைகள் ஊருக்குப் போவார்கள் என்று யாரும் கேட்காமலேயே எழுதிவிடுவார்கள். ஊர்ப் பிள்ளைகள் காலனிக்கு வந்து படிக்கட்டும் என்று எந்த அதிகாரியாவது எழுதுவாரா? நலப் பள்ளியின் மைதானம் பெரிதாக இருந்தாலும், அதன் கட்டடம் புதிதாக இருந்தாலும், பேருந்துச் சாலைக்கு அதுவே பக்கம் என்றாலும் எழுத மாட்டார். சாதிப் பெயரைப் பலகையிலிருந்து அழிப்பது ஒரு வாளி சுண்ணாம்பு வேலை. பலகை தொங்கும் சுவர் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதில்தான் ஊர் விட்டுக்கொடுக்காது.

ஆகவே இணைப்பை ஆதரிக்கும் தோழர்களும் எதிர்க்கும் தோழர்களும் சேர்ந்து ஒரு கோரிக்கையை வைக்கலாம் என்பது நம் கருத்து. எந்தப் பள்ளியையும் பூட்டுவதற்கு முன்பும், புதிய கட்டடத்துக்கு இடம் குறிப்பதற்கு முன்பும், அந்த இடத்தின் சர்வே எண்ணும் அதற்குப் போகும் பாதையும் கிராம சபையில் படித்துக் காட்டப்பட வேண்டும். காலனி மக்கள் பேசியது தீர்மானப் புத்தகத்தில் பெயரோடு ஏற வேண்டும். இரு பக்கமும் சேராத சாலையோரப் புறம்போக்கு இருந்தால் அதைப் பரிசீலித்தார்களா, இல்லையென்றால் ஏன் என்று எழுத்தில் வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக்களில் நம் பெற்றோர் இருக்கிறார்கள். கையெழுத்து வாங்க மட்டும் அவர்களைக் கூப்பிடும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அவர்களோடு முதலில் உட்காருங்கள். உங்கள் ஊரில் எத்தனை பள்ளிகள், ஒவ்வொன்றும் யார் கொடுத்த நிலத்தில், எந்த ஆண்டு வந்தது, வாசல் எந்தத் தெருவில் என்று ஒரு தாளில் எழுதுங்கள். நம் வீட்டுப் பாட்டிகளுக்கு எந்தப் பள்ளி முதலில் கூரையாக இருந்தது என்பது நினைவிருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேடு இருக்கும். அடுத்த கிராம சபைக்கு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போங்கள்.