பாரத்நெட்

பாரத்நெட் என்பது இந்தியாவின் கிராம ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை வடம் வழியாக அகலப்பட்டை இணையம் கொண்டுசெல்லும் மத்திய அரசுத் திட்டம். 2011 அக்டோபரில் தேசியக் கண்ணாடி இழை வலையமைப்பு என்ற பெயரில் அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2015இல் இப்போதைய பெயர் வந்தது.

திட்டத்துக்கான பணம் நம் கைப்பேசிக் கட்டணத்தில் தொடங்குகிறது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தம் சரிக்கட்டப்பட்ட மொத்த வருவாயில் 5 விழுக்காட்டைக் கிராமச் சேவைக்கான நிதியத்துக்கெனச் செலுத்துகின்றன. 2003இல் சட்டத் தகுதி பெற்ற இந்நிதியம், 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தால் ‘டிஜிட்டல் பாரத் நிதி’ ஆனது. வசூலான தொகை நேரே நிதியத்துக்குப் போகாது. அரசின் தொகுப்பு நிதியில் சேர்ந்து, நாடாளுமன்றம் ஒதுக்கினால்தான் வரும்.

முதற்கட்டத்தில், ஊராட்சி ஒன்றியத் தலைமையிடத்திலிருந்து பிஎஸ்என்எல் முன்பே பதித்திருந்த இழையைப் பெரிதும் பயன்படுத்திக்கொண்டு, அது முடிந்த இடத்திலிருந்து ஊராட்சி வரை மட்டும் புதிதாகப் பதித்தார்கள். செலவு குறைந்தது, பழைய இழையின் பழுதுகளும் கூடவே வந்தன. வடம் நேர்க்கோட்டில் ஓடியதால், சாலையை அகலப்படுத்த வந்த ஜேசிபி ஓரிடத்தில் அறுத்தால் அதற்கப்பால் உள்ள ஊராட்சிகளுக்கும் இணைப்பு போய்விடும். 2017 டிசம்பரில் 1 லட்சம் ஊராட்சிகளோடு முதற்கட்டம் முடிந்தது. ஆனால் அரசுக் கணக்கில் ‘சேவைக்குத் தயார்’ என்றிருப்பது வேறு, ஊரில் இணையம் ஓடுவது வேறு. வடம் ஊராட்சி அலுவலகத்தோடு நின்றது. வீட்டுக்கு இழுத்துக் கொடுக்க ஆள் இல்லை என்பதே திட்டத்தின் பெரிய குறை.

2023 ஆகஸ்டில் ரூ.1,39,579 கோடியில் ஒப்புதலான திருத்தப்பட்ட திட்டம் இக்குறைகளைத்தான் சரிசெய்யப் பார்க்கிறது. வடம் இனி வளையமாக ஓடும்: ஒருபக்கம் அறுந்தால் இணைப்பு மறுபக்கமாகச் சுற்றி வரும். பதிப்பவரே பத்தாண்டுப் பராமரிப்பையும் ஏற்க வேண்டும். ஐந்தாண்டில் 1.5 கோடி கிராம வீட்டு இணைப்புகள் இலக்கு. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கான பணியை மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனம் மேற்கொள்கிறது.

நிதி இப்படிப் பெருகினாலும், எது அகலப்பட்டை என்ற வரையறை மெதுவாகவே நகர்ந்தது. 2004இல் நொடிக்கு 256 கிலோபிட், 2013இல் 512 கிலோபிட், 2023 ஜனவரியில் 2 மெகாபிட். அமெரிக்காவோ 2024இல் பதிவிறக்கத்துக்கு 100 மெகாபிட் என்று வைத்தது. ஒவ்வோர் ஊராட்சிக்கும் 100 மெகாபிட் தருவதாகத் தொடங்கிய நாட்டுக்கு, வீட்டுக்கு 2 மெகாபிட் போதும் என்ற அளவுகோல் மிகவும் தாழ்ந்தது.