இரட்டையாய்த் தோன்றும் விண்சுடர்

ஞாயிற்றின் ஈர்ப்பு விண்மீன்களின் ஒளியை வளைக்கும் என்பது, 1919ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தின்போது ஆங்கிலேய அறிஞர் எடுத்த நிழற்படங்களால் வெளிப்பட்டது. அவ்வாறாயின், ஒரு விண்மீனுக்கு நேர் பின்னே மற்றொன்று நின்றால், முன்னிற்பது வில்லைபோற் செயற்படாதோ? ருடி மாண்டில் என்னும் பொறியியலாளர் விடாது வற்புறுத்தியமையால், ஐன்ஸ்ரைன் 1936இல் இதுபற்றிச் சிறு கட்டுரையொன்று வெளியிட்டார். கணக்குச் சரியே; ஆயினும் இதனை நேரிற் காணும் நம்பிக்கை இல்லை என அவரே எழுதிவிட்டார். தனி விண்மீனை விடுத்து, கோடானுகோடி விண்மீன்கள் திரண்ட விண்மீன் குடும்பமொன்று வில்லையாய் அமைந்தாற் காணலாம் என்றார், மறு ஆண்டில், சுவிக்கி.

காண்பதற்கு 42 ஆண்டுகள் சென்றன. 1979ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், அரிசோனாவிலுள்ள கிற்பீக் மலையில், வால்ஷ், காஸ்வெல் என்னும் இருவர், பெருங்கரடி மண்டலத்தில் அருகருகே நின்ற இரு நீலப் புள்ளிகளின் நிறமாலையை ஆராய்ந்தனர். இரண்டும் குவாசார்கள், அதாவது, விண்மீன்போற் சிறுத்துத் தோன்றினும் மிகத் தொலைவிலிருந்து பேரொளி வீசுபவை. வியப்பு யாதெனில், இரண்டின் நிறமாலைகளும் அச்சுக்கு அச்சு ஒத்திருந்தன. வெய்மன் என்பாரும் இவர்களுடன் சேர்ந்து ஆராய, இரண்டல்ல, ஒன்றே என்ற முடிபு பிறந்தது. இடையே நின்ற விண்மீன் குடும்பமொன்று, ஏறக்குறைய 900 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளியை இரு வழியாகத் திருப்பி அனுப்பியிருந்தது. அவ்வொளி புறப்பட்ட காலத்திற் பூமியே தோன்றவில்லை.

வழிகள் இரண்டும் ஒரே நீளமுடையன அல்ல. ஆதலின் ஓர் ஒளி முந்தும், மற்றையது பிந்தும். அத்தாமதத்தை அளந்தால் பேரண்டம் விரியும் வேகத்தைக் கணிக்கலாம் என நோர்வே அறிஞர் ரெவ்ஸ்டால் 1964இலேயே காட்டியிருந்தார். இங்கேதான் பூசல் மூண்டது. தாமதம் 415 நாளளவில் என்றனர் ஒரு சாரார். 536 நாள் என்றனர் மறுசாரார். எண் மாறினாற் பேரண்டத்தின் வயதும் மாறுமன்றோ! 1994இன் இறுதியில் முந்தும் புள்ளி திடீரென மங்கிற்று. அதனைக் குறித்துக்கொண்ட குழுவொன்று, மற்றப் புள்ளி எப்போது மங்கும் என முன்கூட்டியே அறிவித்துவிட்டுக் காத்திருந்தது. 1996 பெப்ரவரியில் அது மங்கிற்று. தாமதம் 417 நாள் எனத் தீர்ந்தது.

பெரும் ஆய்வுக்கூடங்களுக்கே உரியதாயிருந்த இக்காட்சி, மின்னணு ஒளிப்படக் கருவி பரவியபின் தனியார் முற்றங்களுக்கும் வந்து சேர்ந்தது. எளிய வேலையென்று நேயர்கள் எண்ணிவிடலாகாது. வெறுங்கண்ணுக்கு அரிதிற் புலப்படும் விண்மீனிலும் இது 20,000 மடங்குக்கு மேல் மங்கியது. இரு புள்ளிகளின் இடைவெளியோ, முழுமதியின் விட்டத்தில் 300இல் ஒரு பங்கு. காற்று சிறிது கலங்கினாலும் இரண்டும் ஒன்றாய் மயங்கிவிடும். ஆயினும் 20 சதமமீற்றர் ஆடியுள்ள தொலைகாட்டியைப் பூட்டி, காற்றடங்கிய இரவிற் பல படங்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிச் சேர்ப்போர்க்கு அவை தனித்தனியே அகப்படுகின்றன. அண்மையிலுள்ள என்.ஜி.சி. 3079 என்னும் விண்மீன் குடும்பம் வழிகாட்டியாகிறது.

கிடைக்கும் படம் பார்வைக்கு அழகற்றது. இரு வெண்புள்ளிகள், அவ்வளவே. ஆனால் ஒன்று மற்றதைவிட 417 நாள் இளமையான தோற்றம். வில்லையாய் நின்று இதனைச் செய்த விண்மீன் குடும்பமோ, பிந்தும் புள்ளியை ஒட்டி, அதன் ஒளியில் மறைந்து, அச்சிறு தொலைகாட்டிக்குத் தென்படாமலே நிற்கிறது.