புகுமுக மாணவனுக்கு யார் வழிகாட்டி?

பல்கலைக்கழகத்திற்குத் தெரிவான அயலவரின் மகன் ஒருவர் அண்மையில் என்னைச் சந்திக்க வந்தார். எந்தப் பாடங்களைத் தெரிவு செய்வது, விசேட பட்டத்திற்கு முயல்வதா, பொதுப் பட்டத்துடன் அமைவதா என்று அவருக்குக் குழப்பம். "விரிவுரையாளர்களிடம் கேளுங்கோ தம்பி" என்றேன். "சீனியர்மார் சொல்லுவினம் அங்கிள்" என்றார். அந்தப் பதிலுக்குப் பின்னால் எமது பல்கலைக்கழகங்களின் நீண்ட வரலாறு ஒன்று இருக்கிறது.

1942 ஜூலை 1இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உதயமானபோது அங்கிருந்த மாணவர்கள் 904 பேர். ஆசிரியர்கள் 55 பேர். முதலாவது உபவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ், கேம்பிரிட்ஜில் கற்றவர். ஆசிரியரும் மாணவரும் ஒரே வளவில் வாழும் வதிவிடப் பல்கலைக்கழகமே அவரது இலட்சியம். 1952இல் பிரதான பிரிவுகள் பேராதனைக்குப் பெயர்ந்தபோது அது நனவாகியது. அருணாசலம், இராமநாதன், ஜயதிலக, மார்ஸ் எனப் பெயர் பெற்ற விடுதிகளுக்கு விரிவுரையாளர்களே பொறுப்பாளர்களாக இருந்தனர். புதிதாக வந்த மாணவன் தன் சந்தேகத்தைக் கேட்க நெடுந்தூரம் போகவேண்டியிருக்கவில்லை.

அதனைப் பொற்காலம் என்று கொண்டாடுவதும் பொருந்தாது. ஆங்கிலம் கைவந்த, பெரும்பாலும் வசதியான குடும்பங்களிலிருந்து வந்த சிலருக்கே அந்த அரவணைப்புக் கிடைத்தது. பகிடிவதையும் அன்றே இருந்தது.

1960இல் கலைப்பீடத்தில் சிங்களமும் தமிழும் போதனா மொழிகளாகின. குடும்பத்திலேயே முதன்முதலாகப் பல்கலைக்கழகம் காணும் கிராமத்துப் பிள்ளைகள் உள்ளே வந்தனர். இது பெருமைக்குரிய மாற்றம். ஆனால், மாணவர் தொகை பெருகிய வேகத்தில் விடுதிகளும் ஆசிரியர்களும் பெருகவில்லை. வழிகாட்டல் எவருக்கு மிக அதிகமாகத் தேவைப்பட்டதோ, அவர்கள் வந்து சேர்ந்த வேளையிலேயே அது அருகிப்போனது.

ஆசிரியர் விலகிய இடம் வெறுமையாக இருக்கவில்லை. அங்கே சிரேஷ்ட மாணவன் வந்து நின்றான். பழைய குறிப்புகளைக் கொடுத்தவனும் அவனே. நூலகத்தைக் காட்டியவனும் அவனே. முழந்தாளிட வைத்தவனும் அவனே. உதவியும் வதையும் ஒரே கையிலிருந்து வந்தமையால் புகுமுக மாணவனால் ஒன்றை ஏற்று மற்றதை மறுக்க இயலவில்லை. பகிடிவதை வேரோடியமைக்குப் பல காரணங்கள் உண்டு. இதுவும் அவற்றுள் ஒன்று என்பது என் கருத்து.

1997இல் பேராதனைப் பொறியியற் பீடத்தின் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதைக்குப் பலியானார். அடுத்த ஆண்டு, கல்வி நிறுவனங்களில் பகிடிவதையைத் தடை செய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. சட்டம் தண்டிக்கும், ஆனால், எந்தப் பாடத்தைத் தெரிவு செய்வது என்று கலங்கும் பிள்ளைக்கு அது விடை சொல்லாது.

இன்று மாணவ ஆலோசகர் என்ற பதவி பல்கலைக்கழகங்களில் உண்டு. பாட அலகு முறை வந்தபின் முதலாம் ஆண்டுத் தெரிவுகளின் பாரமும் கூடியிருக்கிறது. பதவி இருந்தால் மட்டும் போதாது. முதல் வாரத்திலேயே ஒரு விரிவுரையாளர் புதிய மாணவனைப் பெயர் சொல்லி அழைத்துப் பேசவேண்டும். பகிடிவதைக்கு எதிரான முதல் வேலி அதுவே.

அந்தத் தம்பியிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: "முதல் நாளே ஒரு விரிவுரையாளரின் கதவைத் தட்டுங்கோ." அந்தக் கதவு திறக்கவேண்டும்.